மாற்றுக்கு ஒரு மாற்று: வெள்ளைத் தங்கம் பிறந்த கதை

இன்னிக்கு எபிசோடு ஒரு உலோகத்தைப் பற்றி. நகைக்கடையில் அதுக்குப் பேர் ஒயிட் கோல்டு. தமிழில் வெள்ளைத் தங்கம். பருத்தியைப் பற்றின எபிசோடுன்னு நினைச்சு வந்தவங்க கொஞ்சம் மன்னிச்சுக்கணும். பேப்பரில் பருத்தியையும் இதே பேரில்தான் எழுதுறாங்க.

வைர மோதிரம் பார்க்கக் கடைக்குப் போனீங்கன்னா, தட்டில் எடுத்து வைக்கிற மோதிரங்களில் பல வெள்ளையாக இருக்கும். வாங்கும்போது கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தினமும் போட்டுட்டு இருந்தா, உள்ளங்கைப் பக்கம் உரசுகிற இடத்தில் லேசா ஒரு மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். உடனே ஒரு சந்தேகம் வரும்: கடையில் ஏமாத்திட்டாங்களோ?

பெரும்பாலும் இல்லை. எட்டிப் பார்க்கிற அந்த மஞ்சள்தான் தங்கம். நீங்கள் முதல் நாள் பார்த்து மயங்கிய வெள்ளை, வேறு ஒரு உலோகத்தின் பூச்சு. ஏமாத்தலைன்னாலும், இதை வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம், இல்லையா? எதுக்காக ஒரு தங்கத்தை இவ்வளவு கஷ்டப்பட்டு வெள்ளையாக்கினாங்க, அந்த வெள்ளை ஏன் நிலைக்க மாட்டேங்குதுன்னு புரியணும்னா, 250 வருஷம் பின்னாடி போகணும்.

அதுக்கு முன்னாடி கதையின் முடிச்சை இப்போதே சொல்லிடறேன். 18ஆம் நூற்றாண்டில் பிளாட்டினத்தைத் தங்கம் என்று சொல்லி ஏமாற்றினார்கள். 20ஆம் நூற்றாண்டில் தங்கத்தைப் பிளாட்டினம் மாதிரி காட்டினார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது என்பதுதான் இந்த எபிசோடு.

முதலில் கொஞ்சம் அறிவியல்: தங்கம் ஏன் மஞ்சள்?

இரும்பு, வெள்ளி, அலுமினியம், நிக்கல், பிளாட்டினம். இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே சாம்பல் வெள்ளை. தங்களிடம் வரும் எல்லா நிற ஒளியையும் கிட்டத்தட்ட சமமாகத் திருப்பி அனுப்புவதால் அப்படித் தெரிகின்றன. செம்பும் தங்கமும் மட்டும் கூட்டத்தில் தனியாக நிற்கின்றன. தங்கம் நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பது சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒளி. நம் கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

ஏன் நீலத்தை மட்டும் விழுங்கணும்? தங்கத்தின் அணுக்கரு ரொம்ப கனமானது. உள்ளே 79 புரோட்டான்கள். அந்த இழுவிசையில் உள்பக்க எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவுகள் வேலை செய்யத் தொடங்கி, எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான இடைவெளியைச் சுருக்குகின்றன. அந்த இடைவெளி சரியாக நீல ஒளியின் அளவுக்கு வந்து நிற்கிறது. அம்மாவோட தாலிக்கொடி மஞ்சளா மின்னுறதுக்குச் சார்பியல் கோட்பாடு காரணம்னு சொன்னா சிரிப்பாங்க. ஆனா அதுதான் உண்மை.

இந்த மஞ்சளைக் கலைக்க, வேறு உலோகத்தைச் சேர்க்க வேண்டும். எது வேண்டுமானாலும் சேர்த்தால் போதாது. வெள்ளியைச் சேர்த்தால் தங்கம் முதலில் பச்சை கலந்த வெளிர் மஞ்சளாகும். வெள்ளை ஆவதற்குள் அதில் தங்கத்தைவிட வெள்ளி அதிகமாகிவிடும். இயற்கையிலேயே இப்படி வெள்ளி கலந்த தங்கம் கிடைப்பது உண்டு. அதுக்கு எலக்ட்ரம்னு பேர். லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் டெல்பி கோவிலுக்கு அனுப்பிய காணிக்கையில் சுத்தத் தங்கமும் 'வெள்ளைத் தங்கமும்' இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது இந்த எலக்ட்ரத்தைத்தான் என்று கருதுகிறார்கள். பெயர் 2,400 ஆண்டு பழசு. நம்ம கடையில் இருக்கும் பொருள் வேறு.

தங்கத்தை நிஜமாகவே வெளுக்க வைக்கும் திறமை முக்கியமாக இரண்டு உலோகங்களுக்கு உண்டு: நிக்கல், பல்லேடியம். இந்த ரெண்டு பேரையும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க. கதை முழுக்க இவங்க ரெண்டு பேரின் சண்டைதான்.

இன்னொரு விஷயம். நம்ம வீட்டில் நகைன்னா 916, அதாவது 22 கேரட். அதில் மற்ற உலோகத்துக்கு எட்டு சதவீதத்துக்குச் சற்று கூடுதலான இடம்தான் இருக்கிறது. அவ்வளவு சின்ன இடத்தில் தங்கத்தின் மஞ்சளை வெளுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். அதனால்தான் வெள்ளைத் தங்கம் பெரும்பாலும் 18 கேரட்டிலோ 14 கேரட்டிலோ வருகிறது. 18 கேரட் என்றால் முக்கால் பங்கு தங்கம், கால் பங்கு மற்றவை. "18 தானா?" என்று பாட்டி முகம் சுளித்தால், கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளை நிறத்துக்குக் கொடுக்கிற விலை அது.

ஆற்றில் கொட்டிய உலோகம்

இப்போ தென் அமெரிக்காவுக்குப் போகலாம். இன்றைய கொலம்பியாவும் ஈக்வடாரும் சந்திக்கும் பசிபிக் கடற்கரையில், ஆற்று மணலில் தங்கத் துகள்களோடு வெள்ளையான வேறு துகள்களும் கிடைத்தன. அங்கே லா தொலிதா பகுதியில் வாழ்ந்த மக்கள், ஸ்பானியர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதை நகையாக்கக் கற்றிருந்தார்கள்.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கு. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேணும். கரி அடுப்பும் ஊதுகுழலும் வெச்சு அந்த வெப்பத்தை எட்டவே முடியாது. அவர்கள் பிளாட்டினத் துகளை உருக்கவில்லை. தங்கத் தூளோடு கலந்து சூடாக்கினார்கள். தங்கம் உருகி, பிளாட்டினத் துகள்களைப் பசை மாதிரி ஒட்டியது. பிறகு சுத்தியலால் அடித்து, மறுபடி சூடாக்கி, மறுபடி அடித்து ஒரே உலோகமாக ஆக்கினார்கள். வெள்ளையாக மின்னும் தங்க-பிளாட்டினக் கலவை. இன்றைய பொறியியல் பாடத்தில் இதுக்குப் பவுடர் மெட்டலர்ஜின்னு பேர். மெட்டலர்ஜி பேப்பர் எழுதினவங்களுக்குத் தெரியும். மனிதர்கள் வேண்டுமென்றே செய்த பழமையான வெள்ளைத் தங்கங்களில் ஒன்று இது என்று சொல்லலாம்.

ஸ்பானியர்கள் வந்தபோது அவர்களுக்குத் தேவை மஞ்சள் தங்கம் மட்டும்தான். கூடவே வந்த வெள்ளைத் துகள் அவர்களுக்கு ஒரு தொல்லை. 'பிளாட்டினா' என்று பெயர் வைத்தார்கள். 'சின்ன வெள்ளி' என்று அர்த்தம். கொஞ்சம் இளக்காரமான பெயர்தான். 1748இல் அந்தோனியோ தெ உல்லோவா என்ற ஸ்பானிய அதிகாரி தன் பயண நூலில் இந்த உலோகத்தைப் பற்றி எழுதினார். ஐரோப்பிய விஞ்ஞானிகளின் கவனம் அதன் பக்கம் திரும்ப அதுவும் ஒரு காரணம்.

ஏமாற்றுக்காரர்களும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். போலித் தங்கத்தைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் முக்கியமான சோதனை எடை. செம்போ ஈயமோ கலந்தால் அளவுக்கேற்ற எடை வராது, மாட்டிக்கொள்வார்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3. பிளாட்டினத்தின் அடர்த்தி 21.4. அதாவது தங்கத்தைவிடக் கனம். தங்கத்தோடு பிளாட்டினத்தைக் கலந்தால் எடைச் சோதனையில் சிக்காது. அமிலத்திலும் சுலபமாகக் கரையாது. கலப்படத்துக்கு இதைவிட வசதியான பொருள் கிடைக்குமா?

ஸ்பானியக் காலனி அரசு பயந்துபோனது. கிடைக்கிற பிளாட்டினத்தை ஆற்றில் கொட்டச் சொல்லி உத்தரவு போட்டது. இன்னிக்கு கிராம் கணக்கில் எடைபோட்டு விற்கிற உலோகத்தை, 'தங்கத்தின் மானத்தைக் காப்பாத்த' தண்ணியில் போட்டாங்க. அது பூச்சாண்டி இல்லை, நியாயமான பயம்தான். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பானியத் தங்க நாணயங்களைப் பிளாட்டினத்தில் அச்சடித்து, மேலே தங்க முலாம் பூசிப் புழக்கத்தில் விட்டவர்கள் உண்டு. அப்போது பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவு.

ஒரு கடையில் விற்ற தனிமம்

அடுத்து லண்டன், 1803. கெமிஸ்டுகளிடையே ஒரு துண்டுச்சீட்டு சுற்றியது. 'பல்லேடியம், அல்லது புதிய வெள்ளி' என்ற புது உலோகம் சோஹோ பகுதியில் உள்ள ஒரு கடையில் கிடைக்கும் என்று இருந்தது. யார் கண்டுபிடித்தது என்ற பெயர் கிடையாது. ஒரு புதுத் தனிமத்தை அறிவியல் சபையில் அறிவிக்காமல் கடையில் வைத்து விற்றால் யார் நம்புவார்கள்?

ரிச்சர்ட் செனெவிக்ஸ் என்ற வேதியியலாளர் இது மோசடி என்று முடிவு கட்டினார். கடையில் இருந்ததை வாங்கிச் சோதித்து, இது பிளாட்டினமும் பாதரசமும் கலந்த கலவை என்று ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அதன்பின் இன்னொரு அநாமதேய அறிவிப்பு வந்தது: அப்படிக் கலந்து பல்லேடியத்தைச் செய்துகாட்டுபவர்களுக்கு 20 பவுண்டு பரிசு. யாராலும் முடியவில்லை. 1805இல்தான் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் என்ற விஞ்ஞானி, அந்த மர்ம நபர் நான்தான் என்று ஒப்புக்கொண்டார். பிளாட்டினத் தாதுவைச் சுத்தப்படுத்தும் ரகசிய முறையை வைத்துத் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது, ஆனால் கண்டுபிடித்த பெருமையும் கைவிட்டுப் போகக் கூடாது. அதற்காகத்தான் அந்தக் கடை நாடகம்.

1804இல் அதே தாதுவிலிருந்து இன்னொரு தனிமத்தையும் அவர் அறிவித்தார். அதன் உப்புகள் ரோஜா நிறத்தில் இருந்ததால், ரோஜாவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ரோடியம் என்று பெயர் வைத்தார். பல்லேடியம், ரோடியம் ரெண்டுமே அப்போ ஆய்வுக்கூட வேடிக்கைப் பொருள்தான். நம் கதைக்குள் அவை திரும்பி வர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

வைரத்துக்கு ஒரு வெள்ளைச் சட்டம்

1820களில் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் பெரிய அளவில் பிளாட்டினம் கிடைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ரஷ்ய அரசு 1828 முதல் 1845 வரை பிளாட்டினத்தில் ரூபிள் நாணயங்களே அடித்தது. அந்த அளவுக்கு வேறு தேவை இல்லாமல் கிடந்த உலோகம் அது.

நிலைமையை மாற்றியது வைரம். 1870களில் தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லியிலிருந்து வைரங்கள் சந்தைக்கு வந்து குவிந்தன. நிறமற்ற வைரத்தை மஞ்சள் தங்கத்தில் பதித்தால் கல்லிலும் மஞ்சள் சாயல் விழும். அதனால் முன்பக்கம் வெள்ளி, பின்பக்கம் தங்கம் என்று வைத்துச் செய்தார்கள். வெள்ளியிலும் பிரச்சினை: கறுத்துப்போகும், மிருதுவானது, கல்லைப் பிடிக்கக் கனமாகச் செய்ய வேண்டும்.

பிளாட்டினம் கறுக்காது. மெல்லிய கம்பியாக இழுத்தாலும் கல்லை விடாது. உருக்குவது மட்டும்தான் தடையாக இருந்தது. ஆக்ஸிஜன் சேர்ந்த சூடான டார்ச்சுகள் பட்டறைக்கு வந்ததும் அந்தத் தடையும் விலகியது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் கார்ட்டியே போன்ற நகைக்கடைகள் பிளாட்டினத்தில் சரிகை மாதிரி மெல்லிய வைர நகைகளைச் செய்தன. பணக்கார வீட்டு நகை என்றாலே வெள்ளை என்ற எண்ணம் அப்போது உருவானதுதான். ஆற்றில் கொட்டிய உலோகம் இப்போ தங்கத்தைவிட உயர்ந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. முதல் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் அதன் விலை தங்கத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. உலகத்தின் பிளாட்டினத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ரஷ்யா என்ற ஒரே நாட்டிலிருந்து வந்தது. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னா, சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்.

மோதிரமா, வெடிமருந்தா?

1914இல் போர் வந்தது. வெடிமருந்து செய்ய இரண்டு அமிலங்கள் அடிப்படை: சல்பியூரிக் அமிலம், நைட்ரிக் அமிலம். சல்பியூரிக் அமிலத்தை அடர்த்தியாகத் தயாரிக்கும் தொடுமுறையில் அப்போது பிளாட்டினம்தான் முக்கிய வினையூக்கி. அமோனியாவை நைட்ரிக் அமிலமாக்கும் ஆஸ்ட்வால்ட் முறையிலும், சூடான வாயு ஒரு மெல்லிய பிளாட்டின வலை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு மணப்பெண்ணின் மோதிரமும் பீரங்கிக் குண்டும் ஒரே உலோகத்துக்காகப் போட்டி போட்டன.

1917இல் ரஷ்யப் புரட்சி. யூரலிலிருந்து வந்த வரத்து கிட்டத்தட்ட நின்றது. 1918இல் அமெரிக்க அரசு பிளாட்டினத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பிளாட்டின நகை வாங்காதீர்கள், போர் முடியட்டும் என்று பெண்களிடம் பிரச்சாரம் நடந்தது. விலை அவுன்சுக்கு 100 டாலரைத் தாண்டியது. அப்போது தங்கத்தின் விலை 20 டாலர் 67 சென்ட்.

இங்கேதான் தங்கம் வேஷம் கட்டுகிறது. ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம் 1767 முதல் நகைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பிளாட்டினம் விலை ஏறத் தொடங்கியதுமே, போருக்குச் சற்று முன்பிருந்தே, அங்கே தங்கத்தோடு நிக்கலையும் பல்லேடியத்தையும் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்கில் டேவிட் பெலாய்ஸ் என்ற நகைத் தொழிலதிபர் தங்கம், நிக்கல், துத்தநாகம் சேர்ந்த ஒரு கலவையைத் தயார் செய்தார். அதற்கு 1920இல் அமெரிக்கப் பேட்டன்ட் கிடைத்தது. '18 கே பெலாய்ஸ்' என்று முத்திரை குத்திய பழைய மோதிரங்கள் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன.

1920களில் அமெரிக்காவில் இந்த உலோகம் பரவலாக விற்றது. நிக்கல் கலந்த தங்கம் கடினமானது, அதனால் அச்சில் அழுத்திப் பூ வேலைப்பாடுகளைத் துல்லியமாக எடுக்கலாம். பட்டறைக் கையால் மாதக்கணக்கில் செய்த பிளாட்டின நகையின் தோற்றத்தை, அச்சில் அழுத்தி நடுத்தரக் குடும்பத்துக்குக் கொடுக்க முடிந்தது. வெள்ளைத் தங்கம் சாதித்தது என்னன்னு கேட்டா, இதைத்தான் நான் சொல்வேன். அதுவரை பணக்காரர்களின் நிறமாக இருந்த வெள்ளையை, சம்பளக்காரரும் வாங்கலாம்னு ஆக்கியது.

இரண்டாம் உலகப் போரில் அதே கதை திரும்ப நடந்தது. 1942இல் அமெரிக்கா ராணுவம் சாராத வேலைகளுக்குப் பிளாட்டினத்தைத் தடை செய்தது. மறுபடியும் அந்த இடத்தை நிரப்பியது வெள்ளைத் தங்கம்.

நிக்கல் என்ற குட்டிச்சாத்தான்

நிக்கல் என்ற பெயரே ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்களின் வசவு. செம்புத் தாது மாதிரி இருந்தும் செம்பு கிடைக்காத ஒரு கல்லை, குட்டிச்சாத்தான் வேலை என்று சொல்லி 'குப்ஃபர்நிக்கல்' என்று திட்டினார்கள். 1751இல் சுவீடனின் குரோன்ஸ்டெட் அந்த வகைத் தாதுவிலிருந்து புதுத் தனிமத்தைப் பிரித்தபோது அந்தச் சாத்தான் பெயரே அதுக்கு நிலைத்தது.

நகையிலும் அது பேருக்கேற்ற வேலையைக் காட்டியது. முதல் தொல்லை பட்டறையில். நிக்கல் அதிகமானால் தங்கம் நன்றாக வெளுக்கும், ஆனால் முரட்டுத்தனமாகக் கடினமாகும், சூடுபடுத்தி அடிக்கும்போது விரிசல் விடும். அதைச் சமாளிக்கக் கொஞ்சம் செம்பு சேர்த்தார்கள். செம்பு சேர்ந்ததும் நிறம் திரும்ப மங்கியது. ஒரு பக்கை சரி பண்ணினா இன்னொரு பக் வருது பாருங்க, அதே கதைதான்.

இரண்டாவது தொல்லை தோலில். வியர்வையில் நிக்கல் மிகச் சிறிய அளவில் கரைந்து தோலுக்குள் போகும். அங்கே உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். சிலருடைய நோய் எதிர்ப்பு அமைப்பு அதை எதிரி என்று பதிவு செய்துவிடும். அதற்குப் பிறகு நிக்கல் பட்டாலே அரிப்பு, சிவப்பு, கொப்புளம். பெரும்பாலும் அந்தப் பதிவு வாழ்நாள் முழுக்க அழியாது. புதிதாகக் காது குத்திய ஆறாத துளையில் நிக்கல் கம்பி உட்கார்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் பத்தில் ஒரு பெண்ணுக்கு மேல் நிக்கல் ஒவ்வாமை இருப்பது தெரியவந்தது. ஆண்களில் அந்த அளவு மிகக் குறைவு. காரணம் உடலமைப்பு அல்ல, முக்கியமாகக் காது குத்தும் பழக்கம்.

1994இல் ஐரோப்பிய ஒன்றியம் நிக்கலுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. இப்போதுள்ள விதிப்படி, தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும் நகையிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாரத்தில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. துளையிட்ட காதில் போடும் கம்பிக்கு 0.2 மைக்ரோகிராம்தான். ஐரோப்பிய நகைத் தொழில் பெருமளவில் பல்லேடியத்துக்கு மாறியது. சோஹோ கடையில் 'புதிய வெள்ளி' என்று விற்ற அதே பல்லேடியம்.

பல்லேடியம் தோலுக்கு நிக்கலைவிடப் பெரும்பாலும் சாது. ஆனால் அதுவும் சும்மா வராது. பெட்ரோல் கார்களின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பல்லேடியம்தான் முக்கியப் பொருள். 2019இல் அது தங்கத்தைவிட விலை ஏறியது. அதிகம் எடுக்கும் இரண்டு நாடுகளில் ஒன்று ரஷ்யா. 2022 மார்ச்சில் உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில் பல்லேடியம் அவுன்சுக்கு 3,000 டாலரைத் தாண்டியது. 1917இல் பிளாட்டினத்துக்கு நடந்தது, 105 ஆண்டு கழித்து அதற்கு வந்த மாற்றின் மாற்றுக்கு நடந்தது. நாடும் அதே நாடு.

மேலே ஒரு பேட்ச்

நிக்கல் சேர்ந்த தங்கம் லேசான மஞ்சள் சாயல். பல்லேடியம் சேர்ந்தது லேசான சாம்பல் சாயல். ரெண்டுமே கடை விளக்கில் பிளாட்டினம் பக்கத்தில் வெச்சா கொஞ்சம் சோர்வாத் தெரியும். இங்கே வொல்லஸ்டனின் இன்னொரு கண்டுபிடிப்பு வருகிறது. ரோடியம் மிகப் பளிச்சென்ற வெள்ளை, கடினமானது, கறுக்காது. 1930களில் அதை மின்முலாமாகப் பூசும் முறை நகைத் தொழிலுக்கு வந்தது. இன்று கடையில் காணும் வெள்ளைத் தங்கத்தில் பெரும்பாலானவற்றின் மேல் இருப்பது இந்தப் பூச்சுதான்.

அது எவ்வளவு தடிமன்? பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம்ம தலைமுடி சுமார் 70 மைக்ரான். கம்மலில் இந்தப் பூச்சு பல வருஷம் இருக்கும், ஏன்னா காதில் எதுவும் உரசாது. மோதிரம் அப்படியில்லை. கீபோர்டு, பைக் ஹேண்டில்பார், பாத்திரம், கதவுக் கைப்பிடி எல்லாத்திலும் உரசும். தேய்ந்ததும் கீழே இருப்பது எட்டிப் பார்க்கும். திரும்பப் பூசிக்கொள்ளலாம். அந்த ரோடியமும் பெரும்பாலும் தென் ஆப்பிரிக்காவிலிருந்து வருவது, பெரும்பகுதி கார்ப் புகை வடிகட்டிக்கே போவது. 2021இல் ஒரு அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டியது.

இந்தப் பூச்சு வந்ததால் ஒரு பக்கவிளைவும் வந்தது. மேலே பூசத்தானே போறோம்னு, கீழே இருக்கும் கலவையை வெள்ளையாக்க அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்ற நிலை உருவானது. எந்த அளவுக்கு மஞ்சளாக இருந்தால் அதை இனி 'வெள்ளை' என்று சொல்லக் கூடாது? இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் உலகத் தங்கக் கவுன்சிலும் அமெரிக்க நகைத் தயாரிப்பாளர் சங்கமும் சேர்ந்து ஒரு மஞ்சள் அளவுகோலை முன்வைத்தன. 32 என்ற எண்ணைத் தாண்டினால் அது வெள்ளைத் தங்கம் இல்லை என்றன. அது பரிந்துரைதான், கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல.

முத்திரை சொல்லாத கால் பங்கு

இப்போ நம்ம ஊர் கடைக்கு வருவோம். 18 கேரட் மோதிரத்தில் ஹால்மார்க்கோடு 750 என்று இருக்கும். ஆயிரத்தில் 750 பங்கு தங்கம் என்பதற்கு அது உறுதி. மீதி 250 பங்கு என்ன? அதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. நிக்கலா, பல்லேடியமா என்பது அந்த 250க்குள்தான் இருக்கிறது. உங்க காது புண்ணாகுமா இல்லையா என்பதும் அதுக்குள்தான்.

பழைய உரைகல்லும் இங்கே கைகொடுக்காது. உரைகல்லில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறத்தை, தரம் தெரிந்த ஊசிகளின் கோட்டோடு ஒப்பிட்டுத்தான் தங்கத்தின் தரத்தைக் கணிப்பார்கள். நிறத்தையே அழித்துவிட்ட தங்கத்தை நிறத்தை வைத்து எப்படிக் கணிப்பது?

அதனால் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். மூணு கேள்வி போதும். எத்தனை கேரட்? வெள்ளையாக்க நிக்கல் சேர்த்ததா, பல்லேடியம் சேர்த்ததா? ரோடியம் பூச்சு இருக்கா, திரும்பப் பூச எவ்வளவு ஆகும்? செய்கூலி, சேதாரம் பற்றி அரை மணி நேரம் பேரம் பேசுறோம். இந்த மூணு கேள்விக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. கவரிங் நகை போட்டாலே காது அரிக்கிறவங்க வீட்டில் இருந்தா, ரெண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்க. பதில் தெரியலைன்னா கம்மலை அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க.

கடைசியா ஒரு வேடிக்கை. 2015க்குப் பிறகு சந்தையில் பிளாட்டினத்தைவிடத் தங்கம்தான் பெரும்பாலும் விலை அதிகம். பிளாட்டினம் வாங்க முடியாதவர்களுக்காகப் பிறந்த வெள்ளைத் தங்கத்துக்குள், இன்று பிளாட்டினத்தைவிட விலை உயர்ந்த உலோகம் முக்கால் பங்கு உட்கார்ந்திருக்கிறது. மலிவான நகலாக ஆரம்பித்தது, அசலைவிட விலை கூடிய சரக்கை உள்ளே மறைத்துக்கொண்டு மின்னுகிறது.

தமிழில் 'மாற்று' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்றுக்குப் பதிலாக வருவது மாற்று. உரைகல்லில் தெரியும் தங்கத்தின் தரமும் மாற்று, 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்கிறோமே, அந்த மாற்று. வெள்ளைத் தங்கத்தைப் பொறுத்தவரை நாம் கேட்க வேண்டியது ரெண்டையும்தான்: இது எதற்கு மாற்று, இதன் மாற்று என்ன? ரெண்டு பதிலும் தெரிந்து வாங்கினவங்களுக்கு, ரெண்டு வருஷம் கழிச்சு மஞ்சள் எட்டிப் பார்த்தா கோபம் வராது. உள்ளே நிஜமாவே தங்கம்தான் இருக்குன்னு தெரியும்.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா, கல்யாணத்துக்கு மோதிரம் தேடிட்டு இருக்கிற ஒரு ஃபிரண்டுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.